ரீபோர் செய்த ஏடிவி எஞ்சின் சேசிஸில் உட்கார மறுக்கிறது: முன் மவுண்ட் ஓட்டை பொருந்தவில்லை

தோப்புக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். நத்தம் ரோட்டில் சத்திரப்பட்டி தாண்டி எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. மருந்து டிரம், கூடை, ஓஸ் பைப் எல்லாம் இழுக்க ஒரு சீன ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) வைத்திருக்கிறோம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சைடில் 250 என்று பெரிதாக ஸ்டிக்கர், கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிக்கூடு) 167எஃப்எம்எம் என்று அடித்திருக்கிறது. ஏர் கூல்டு, புஷ்ராடு வகை, கையில் கிளட்ச், ரிவர்ஸ் கியர் உண்டு.

போன சீசனில் வெள்ளைப் புகை அடித்து, ஏற்றத்தில் இழுக்காமல் போனது. எஞ்சினை இறக்கி, புதூர் பக்கம் ஒரு லேத்தில் ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து), பிஸ்டன், ரிங், வால்வ் சீல், பேக்கிங் எல்லாம் மாற்றியாகிவிட்டது. புஷ்ராடு என்பதால் கேம் செயின் வேலை கிடையாது. எஞ்சின் வெளியே இருந்த சமயத்தில் சேசிஸையும் சுத்தம் செய்தோம். முன்பக்கம் வின்ச் மாட்டுகிற பிளேட் பக்கத்தில் விரிசல் இருந்தது, அதற்கு வெல்டிங் வைத்து, அப்புறம் முழுவதும் பவுடர் கோட்டிங் கொடுத்தோம்.

இப்போது எஞ்சினை ஏற்றினால் பின் கீழ் போல்ட் போகிறது, பின் மேல் போல்ட் போகிறது, முன் போல்ட் மட்டும் போகவில்லை. இடது பக்க ஓட்டையில் எட்டிப் பார்த்தால் பிறை நிலா மாதிரி கிராங்க்கேஸ் அலுமினியம் தெரிகிறது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. மாட்ட வந்த தம்பி, "ரவுண்ட் அரம் போட்டு ஓட்டையை ஓவல் ஆக்கிட்டு பெரிய வாஷர் வச்சு இறுக்கிடலாம்ணே" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

மேலூர் டிராக்டர்

கடப்பாரையை மவுண்டுக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவில் கொடுத்து ஒரு நெம்பு, இன்னொருத்தர் போல்டைத் தட்டினால் போய்விடும். டிராக்டரில் தினமும் செய்கிற வேலை.

உசிலை ராஜ்தூத்

டிராக்டரில் இருப்பது வார்ப்பிரும்பு அண்ணே. இது அலுமினியம். காது (போல்ட் ஓட்டை இருக்கிற நீட்டல்) உடைந்தால் கிராங்க்கேஸே போச்சு.

கப்பலூர் பட்டறை

தோப்புக்காரன் தம்பி, அரம், கடப்பாரை ரெண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஓட்டை ஏன் விலகியது என்று தெரியாமல் ஓட்டையில் கை வைக்கவே கூடாது.

முதலில் மாட்டும் வரிசையைச் சரிபாருங்கள். பல பேர் பின் போல்ட்டை இறுக்கிவிட்டு முன்னால் வருவார்கள். எஞ்சின் ஒரு பக்கம் கோணலாக நின்றுவிட்டால் அடுத்த ஓட்டை எப்படிப் பொருந்தும்? எல்லா நட்டையும் கழற்றிவிட்டு எஞ்சினை ஜாக்கி மேல் ஒரு பலகை வைத்துத் தாங்கலாக நிறுத்துங்கள், எடை போல்ட்டில் இருக்கக் கூடாது. இப்போது முன் போல்ட்டை முதலில் போடுங்கள். அது போய், பின்னால் எது அடைபடுகிறது என்று பாருங்கள். எல்லா போல்ட்டும் கை விரலால் சுற்றி உள்ளே போன பிறகுதான் ஸ்பேனரே எடுக்க வேண்டும்.

அப்படியும் அதே 3 மில்லி வந்தால் எஞ்சின் நிற்கும் விதத்தில் பிழை இல்லை, சேசிஸ் மாறியிருக்கிறது. அதை அளக்க பெரிய கருவி வேண்டாம். எஞ்சினை இறக்கிவிட்டு, பின் கீழ் ஓட்டையின் நடுவிலிருந்து முன் ஓட்டையின் நடுவரை இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் ஒரு அளவு எடுங்கள். அப்புறம் குறுக்காக, இடது பின்னிலிருந்து வலது முன், வலது பின்னிலிருந்து இடது முன். ரெண்டு பக்க அளவும் ரெண்டு குறுக்களவும் சமமாக வந்தால் சேசிஸ் கோணவில்லை. ஒரு பக்கத்து சேசிஸ் காதுக்குப் போகும் அளவு மட்டும் குறைவாக வந்தால் அந்த வெல்டிங் மேல்தான் என் சந்தேகம். வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்தில் இருக்கிற தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். எஞ்சின் உள்ளே இல்லாத வெறும் சேசிஸில் மவுண்ட் பக்கத்தில் நீளமாக வெல்டு ஓட்டினால் இழுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று. பவுடர் கோட்டிங் ஓட்டைக்குள்ளும் காதின் உள்முகத்திலும் ஏறியிருக்கும். அது 3 மில்லி வராது, ஆனால் போல்ட்டைக் கடிக்க வைக்கும். உள்முகத்துக் கோட்டிங் நாளாக நாளாக நசுங்கி, இறுக்கிய போல்ட் லூசாகும். எஞ்சின் தொடுகிற முகங்களிலெல்லாம் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பாஜா பையன்

நான் காலேஜ் பாஜா டீமில் (மாணவர்களே ஏடிவி கட்டி ஓட்டும் போட்டி) இருக்கிறேன். எங்கள் ஏடிவியில் எஞ்சின் மவுண்ட் பிளேட்டில் வேண்டுமென்றே நீள்வட்ட ஸ்லாட்தான் போட்டிருக்கிறோம். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சினை முன்பின் நகர்த்தி சிவிடி (கியர் இல்லாத பெல்ட் டிரைவ்) பெல்ட்டின் ரெண்டு புல்லிக்கும் நடுவே சரியான தூரம் வைக்க அது வேண்டும். பித்தம்பூர் போட்டியில் ஓடிவிட்டு வந்தது, ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஓவல் ஓட்டை ஏன் தப்பு?

கப்பலூர் பட்டறை

நல்ல கேள்வி தம்பி. உங்கள் எஞ்சின் அடியில் தட்டையான பாதம், அதில் நாலு போல்ட். அது ஒரு பிளேட் மேல் உட்கார்ந்து, அந்த இறுக்கத்தால் நிற்கிறது. ஸ்லாட் ஒரே திசையில், எல்லா போல்ட்டுக்கும் சேர்ந்தே இருக்கிறது. நகர்த்தினால் முழு எஞ்சினும் நேராக நகரும்.

இவர் வண்டியில் கதை வேறு. குறுக்கே ஓடுகிற போல்ட்டுகள் சேசிஸ் காதோடு கிராங்க்கேஸைக் கோத்து நிற்கின்றன. ஒரே ஒரு காதை ஓவல் ஆக்கினால், எஞ்சின் மற்ற மூன்று இடத்தில் பிடிபட்டு இந்த இடத்தில் அசையும். சங்கிலி இழுக்கும்போது ஒரு பக்கம், விடும்போது மறுபக்கம். கொஞ்ச நாளில் அந்த அசைவு வாஷரைத் தின்னும், அப்புறம் காதைத் தின்னும்.

பாஜா பையன்

புரிந்தது அண்ணே. எங்கள் டீமில் இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

செல்லூர்க்காரன்

இடையில் ஒரு சந்தேகம். இந்த வண்டியை அழகர்கோவில் ரோட்டில் ஓட்டலாமா? மச்சான் ஒருத்தன் வாங்கப் போகிறேன் என்கிறான்.

உசிலை ராஜ்தூத்

இந்த மாதிரி சீன ஏடிவிக்குப் பதிவு எண் கிடையாது, ஆகையால் இன்சூரன்ஸும் கிடையாது. தோப்புக்குள், வயலுக்குள் மட்டும். ரோட்டைக் குறுக்கே தாண்டுவதற்கே யோசிக்க வேண்டும். மச்சானிடம் சொல்லுங்கள்.

தோப்புக்காரன்

கப்பலூர் அண்ணன் சொன்ன மாதிரி எஞ்சினை இறக்கி அளந்தோம். குறுக்களவில் இடது முன் காதுக்குப் போவது மட்டும் குறைகிறது. வலது பக்கம் சரி. இடது முன் காது மட்டும் 3 மில்லி உள்ளே வந்திருக்கிறது, சரியாக வெல்டிங் வைத்த பக்கம். காதின் விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சாய்ந்தும் இருக்கிறது. இனி?

மேலூர் டிராக்டர்

சரி, கடப்பாரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேஸ் டார்ச் வைத்துச் சூடு பண்ணி இழுக்கலாமே?

புதூர் லேத்

இழுக்கலாம், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. காதை அறுத்து எடுத்து சரியான இடத்தில் வைத்து மறுபடி வெல்டு செய்வதுதான் சுத்தமான வேலை. அதற்கு ஒரு டெம்ப்ளேட் வேண்டும். பழைய கிராங்க்கேஸ் ஒன்று காயலான் கடையில் கிடைத்தால் அதுவே போதும், அதைப் போல்ட் போட்டு மாட்டி, அதன் மேலே காதை நிறுத்தி, நாலு புள்ளி டாக் வைத்துவிட்டுக் கழற்றி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, பக்கம் மாற்றி மாற்றி முழு வெல்டு.

கிராங்க்கேஸ் கிடைக்காவிட்டால் 6 மில்லி பட்டை எடுத்து, உங்கள் எஞ்சினை லேத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று ஓட்டையின் இடத்தையும் எஞ்சினிலிருந்தே குறித்து பட்டையில் துளை போட்டால், ஆயுசுக்கும் அதுதான் உங்கள் அளவுகோல். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, நடுவில் எஞ்சின் அகலத்துக்கு பைப் துண்டு.

செல்லூர்க்காரன்

எஞ்சினையே மாட்டி அங்கேயே வெல்டு அடித்தால் டெம்ப்ளேட் செலவு மிச்சம் அல்லவா?

புதூர் லேத்

இப்போதுதான் பணம் போட்டு ரீபோர் செய்த எஞ்சின் அது. வெல்டிங் கரண்ட் எர்த் தேடி பேரிங் வழியாகப் போனால் குண்டுகளில் புள்ளி புள்ளியாகச் சுட்டுவிடும். ஆயில் சீல் பக்கத்தில் சூடு, பெட்ரோல் பைப் பக்கத்தில் பொறி. வெறும் கூட்டை வைத்துச் செய்யுங்கள். அப்போதும் பாட்டரி, சிடிஐ (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள்.

உசிலை ராஜ்தூத்

எதற்கும் ஒன்று கேட்கிறேன். எஞ்சின் முதலில் ஏன் போனது? அதைப் பார்த்தீர்களா? 229 சிசி எஞ்சின் (சிலிண்டர் விட்டம் 67 மில்லி, பிஸ்டன் ஓட்டம் 65 மில்லி, 250 என்பது ஸ்டிக்கர் கணக்கு) தோப்பு வேலைக்கு இவ்வளவு சீக்கிரம் புகை அடிக்கக் கூடாது.

தோப்புக்காரன்

லேத்தில் சிலிண்டரைப் பார்த்துவிட்டு தூசி தின்றிருக்கிறது என்றார்கள். ஏர் ஃபில்டர் ஃபோம் காய்ந்து, ஒரு ஓரம் மடங்கி இருந்தது. மாற்ற வேண்டும்.

உசிலை ராஜ்தூத்

அதைத்தான் நினைத்தேன். ஏடிவியில் முன் சக்கரம் கிளப்பும் செம்மண் புழுதி எல்லாம் நேராக ஃபில்டர் பெட்டிக்குத்தான் போகும். ஃபோம் ஃபில்டரில் எண்ணெய் இருந்தால்தான் தூசி ஒட்டும், காய்ந்த ஃபோம் வெறும் ஜன்னல். கார்ப்பரேட்டருக்கும் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் மடக்கிப் பாருங்கள். இதைச் செய்யாமல் எஞ்சினை மாட்டினால் அடுத்த ரீபோருக்கு இப்போதே டோக்கன் போட்ட மாதிரி.

தோப்புக்காரன்

அப்டேட். பழைய கூடு கிடைக்கவில்லை, பட்டை டெம்ப்ளேட் செய்தோம். இடது காதை அறுத்து எடுத்து மறுபடி வைத்தாயிற்று. இப்போது எல்லா போல்ட்டும் கையால் தள்ளினாலே போகிறது. பழைய போல்ட்டுகளில் ரெண்டு நடுவில் தேய்ந்து இடுப்பு ஒடுங்கி இருந்தன. எந்த போல்ட் வாங்குவது?

கப்பலூர் பட்டறை

ஹார்டுவேர் கடையில் டிவிஎஸ் போல்ட் என்று கேட்டாலே ஹைடென்சில் கொடுப்பார்கள். (1911-ல் நம்ம மதுரையில் ஆரம்பித்த குழுமம், ஊருக்கே போல்டுக்குப் பெயராகிவிட்டது.) போல்ட் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் அடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீளம் முக்கியம், மரை இல்லாத வழவழப்பான பகுதிதான் காதுக்குள் நிற்க வேண்டும். முழு மரை போல்ட் போட்டால் மரையே அரமாகி ஓட்டையை அரிக்கும். பின்னால் நைலாக் நட்.

மாட்டும் முன் சேசிஸ் குழாய்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், கோட்டிங் கீறாது. வேப்பமரக் கிளையும் செயின் பிளாக்கும் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ரெண்டு ஆள் போதும். டாப்பட் கிளியரன்ஸைத் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி) தரையிலேயே பார்த்துவிடுங்கள், உள்ளே போன பிறகு டேங்க் அடியில் கை நுழையாது. ஹோண்டா சிஜி125-க்கு ரெண்டு வால்வுக்கும் 0.08 மில்லி, எஞ்சின் ஆறியிருக்கும்போது. உங்களுடையது அதே குடும்பம், ஆனாலும் மேனுவல் இருந்தால் அதில் உள்ள அளவை வையுங்கள்.

எல்லா போல்ட்டும் உள்ளே போன பிறகு கீழே இருக்கும் பெரிய போல்ட்டுகளை முதலில், எஞ்சின் ஹெட்டைச் சேசிஸோடு பிடிக்கும் ஸ்டே பட்டையைக் கடைசியில் இறுக்குங்கள். ஸ்டே பட்டையைத் தள்ளி இழுத்துத்தான் போல்ட் போட வேண்டியிருந்தால் கீழே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். டார்க் ரென்ச் இருந்தால் 8.8 தர எம்8-க்கு 25, எம்10-க்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர். அலுமினியத்தில் நேராக மரை போகிற இடத்தில் இதை விடக் குறைவு.

அப்புறம் சங்கிலி. முன் ஸ்ப்ராக்கெட்டில் நேரான ஒரு கம்பியைப் பதித்து பின் ஸ்ப்ராக்கெட் வரை பாருங்கள். காதை அறுத்து வைத்திருப்பதால் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

தோப்புக்காரன்

எஞ்சின் ஏறிவிட்டது, சங்கிலி நேராக இருக்கிறது. ஆனால் வேறு ஒரு கூத்து. பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரி புதுசு, முழு சார்ஜ். மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தபோது கிளட்ச் கேபிள் பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. தொட்டுப் பார்த்தால் கேபிள் கொதிக்கிறது! மெல்லிசாகப் புகையும் வந்தது. ஸ்டார்ட்டருக்கும் கிளட்ச் கேபிளுக்கும் என்ன சம்பந்தம்?

உசிலை ராஜ்தூத்

கையை எடுங்கள், பாட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பவுடர் கோட்டிங்!

கப்பலூர் பட்டறை

ராஜ்தூத் சொன்னதுதான். ஸ்டார்ட்டர் எஞ்சின் உடம்பு வழியாகத்தான் கரண்ட்டைத் திருப்பி அனுப்பும். உங்கள் எர்த் வயர் சேசிஸில் கோட்டிங் மேல் உட்கார்ந்திருக்கும். கோட்டிங் கரண்ட்டை விடாது. வழி அடைத்துவிட்டது, கரண்ட் எஞ்சினிலிருந்து கிளட்ச் கேபிள் உள்கம்பியைப் பிடித்து ஹேண்டில்பார் வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கிறது. அந்த மெல்லிய கம்பி ஸ்டார்ட்டர் கரண்ட்டைத் தாங்குமா? அதான் புகை.

எர்த் போல்ட் இடத்தில் இரும்பு பளபளவென்று தெரியும் வரை சுரண்டி, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். என்னைக் கேட்டால் பாட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சின் போல்ட் ஒன்றுக்கு நேராகத் தடித்த கேபிள் ஒன்று போட்டுவிடுவேன். கிளட்ச் கேபிளை மாற்றிவிடுங்கள், உள்ளே இருக்கிற லைனர் உருகியிருக்கும்.

பிளக் இல்லாமல் சுற்றும்போது பிளக்கைக் கேப்போடு சேர்த்து எஞ்சின் உடம்பில் தொடும்படி வையுங்கள், ஆனால் பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம். பொறி வெளியேற வழியில்லாமல் விட்டால் சிடிஐ பழுதாகும்.

தோப்புக்காரன்

சுரண்டி, தனி கேபிளும் போட்டாயிற்று. ஸ்டார்ட்டர் இப்போது சர்ரென்று சுற்றுகிறது. ராக்கர் மூடியைத் திறந்து வைத்துச் சுற்றியபோது கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்து ராக்கர் நனைந்தது. பார்த்ததும்தான் உயிர் வந்தது. எண்ணெய் 20டபிள்யூ40 மினரல், ஜேசோ எம்ஏ முத்திரை (எண்ணெயில் நனையும் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது) உள்ளது ஊற்றியிருக்கிறேன். நாளைக்கு ஸ்டார்ட் செய்யப் போகிறேன். எவ்வளவு நேரம் ஐடிலில் விடுவது?

மேலூர் டிராக்டர்

ஒரு மணி நேரம் ஐடிலில் விடுங்கள். நாங்கள் அப்படித்தான் பழக்குவோம்.

புதூர் லேத்

ஐயோ வேண்டாம். இது ஏர் கூல்டு, நிற்கும் வண்டிக்குக் காற்று எங்கே? அதுவும் சித்திரை வெயிலில். அதோடு, ரிங் சிலிண்டரில் படிவது எரியும் வாயுவின் அழுத்தம் பின்னாலிருந்து தள்ளுவதால். ஐடிலில் அந்த அழுத்தம் வராது. ஹோனிங் கோடுகள் (ரீபோருக்குப் பின் சிலிண்டர் சுவரில் போடும் மெல்லிய கீறல்கள்) வழுவழு என்று மெழுகி, ரிங் உட்காராமலே போகும், அப்புறம் புகை என்று என்னிடம்தான் வருவீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் எண்ணெய்க் கசிவு, மேனிஃபோல்ட் காற்று இழுக்கிறதா, சத்தம் எல்லாம் பார்க்க சில நிமிடம் போதும். ஆறவிட்டு, மறுபடி எடுத்து தோப்புக்குள் ஓட்டுங்கள். அரை திராட்டில் வரை ஏற்றி, விட்டு, மறுபடி ஏற்றி. ஒரே வேகத்தில் வேண்டாம், டிரம் கட்டி இழுக்கவும் வேண்டாம். அன்றைக்கே எண்ணெயை வடித்து மாற்றுங்கள், வடிந்த எண்ணெயில் வெள்ளித் தூள் மாதிரி மின்னும், பயப்படாதீர்கள். மின்னுவது துண்டு துண்டாக இருந்தால் மட்டும் நிறுத்துங்கள்.

மேலூர் டிராக்டர்

எங்கள் முறையில் ஓடிய டிராக்டர் இன்னும் ஓடுகிறது. அவ்வளவுதான் சொல்வேன்.

கப்பலூர் பட்டறை

ரேடியேட்டரும் ஃபேனும் உள்ள டீசல் எஞ்சின் தாங்கும் அண்ணே. இதற்கு லேத்காரர் சொல்வதுதான். முதல் ஓட்டம் முடிந்து முழுக்க ஆறியதும் மவுண்ட் போல்ட், ஹெட் நட், சைலன்சர் நட் மூன்றையும் மறுபடி பாருங்கள். டாப்பட்டும்.

தோப்புக்காரன்

ஸ்டார்ட் ஆனது. முதலில் கொஞ்சம் புகை, அது மாட்டும்போது தடவிய எண்ணெய் என்று நினைக்கிறேன், அப்புறம் தெளிந்துவிட்டது. தோப்பு ஓரத்து ஏற்றத்தில் ரெண்டாம் கியரில் ஏறுகிறது. ஆறிய பிறகு பார்த்தபோது முன் இடது போல்ட் மட்டும் கால் சுற்று இறுக்கம் வாங்கியது, உள்முகத்தில் கொஞ்சம் கோட்டிங் மிச்சம் இருந்திருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வ் டாப்பட் குறைந்திருந்தது, மறுபடி வைத்தேன். எண்ணெய் மாற்றியாயிற்று, தூள்தான், துண்டு இல்லை.

ஃபில்டர் ஃபோம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. டவுனில் ஒரு மெத்தைக் கடையில் அதே தடிமனில் ஃபோம் இருக்கிறது, வெட்டிப் போட்டுவிடலாமா?

உசிலை ராஜ்தூத்

வேண்டாம். மெத்தை ஃபோம் பெட்ரோல் ஆவியில் பிசுபிசுத்து நொறுங்கும், நொறுங்கினது கார்ப்பரேட்டருக்குள்தான் போகும். பைக் ஸ்பேர்ஸ் கடையில் ஃபில்டர் ஃபோம் ஷீட்டாகவே விற்கிறார்கள், பழையதை அளவுக்கு எடுத்துப் போங்கள். வெட்டும்போது ஓரம் கொஞ்சம் அதிகமாக விடுங்கள், பெட்டியின் விளிம்பில் அழுந்தி நிற்க வேண்டும். எண்ணெயில் நனைத்துப் பிழியுங்கள், முறுக்காதீர்கள், கிழியும். அது வரும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.